பழைய இணையத்தின் விநோதப் பக்கங்களைத் தேடிப் பிடிப்பது எப்படி?

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணினி ஆய்வகத்தில், ட்ரோஜன் ரூம் என்ற அறை பக்கம் ஒரு காபி மெஷின் இருந்தது. மற்ற மாடிகளில் இருப்பவர்கள் படியேறி வந்து பார்த்தால் பல நேரம் அது காலியாகக் கிடக்கும். அதனால் 1991இல் அதன் எதிரே ஒரு கேமராவை வைத்தார்கள். 1993 நவம்பரில் அந்தப் படம் வலையில் ஏறியது. 128க்கு 128 புள்ளிகள், கறுப்பு வெள்ளை, ஒரு காபிப் பானை, அவ்வளவுதான். அதைப் பார்க்க உலகமே வந்தது. 2001 ஆகஸ்டில்தான் கேமராவை அணைத்தார்கள்.

கூகுள் வந்தது 1998இல். அதற்கு முன்னால் இப்படி ஒரு பக்கம் இருப்பது எப்படித் தெரிந்தது? பெரும்பாலும், யாரோ ஒருவர் தன் பக்கத்தில் லிங்க் கொடுத்திருப்பார். இந்த விளக்கம் முழுக்க அதை நம்பித்தான் எழுதுகிறேன். பழைய பக்கங்களை இன்றைய தேடுபொறியில் தேடினால் கிடைப்பது குறைவு. லிங்கைப் பிடித்துக்கொண்டு போனால்தான் சிக்கும்.

முதல் படி: வேபேக் மெஷினைப் பழகுங்கள்

பிரவுசரில் வெப் டாட் ஆர்க்கைவ் டாட் ஆர்க் (web.archive.org) என்ற முகவரிக்குப் போங்கள். இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற அமைப்பு 1996 முதல் வலைப்பக்கங்களைச் சேமித்து வருகிறது. அவற்றைத் தேதிவாரியாகத் திறந்து பார்க்கும் இடம்தான் வேபேக் மெஷின். நமக்கு வேண்டிய தளத்தின் முகவரியைக் கொடுத்தால் மேலே ஆண்டுகளும் கீழே நாட்காட்டியும் வரும். நீல வட்டம் உள்ள தேதி நல்ல பிரதி. பச்சை என்றால் வேறு முகவரிக்குத் திருப்பிவிடப்பட்டது. ஆரஞ்சும் சிவப்பும் பிழைப் பக்கங்கள், அவற்றை விட்டுவிடுங்கள்.

பிரதியைத் திறந்ததும் முகவரிப் பட்டையைக் கவனியுங்கள். நடுவில் 14 இலக்க எண் ஒன்று இருக்கும். ஆண்டு, மாதம், நாள், மணி, நிமிடம், நொடி என்று வரிசையாகப் படிக்கலாம். அதில் ஆண்டை மட்டும் 1999 என்பதிலிருந்து 2001 என்று மாற்றி என்டர் தட்டினால், அந்தத் தேதிக்குப் பக்கத்தில் உள்ள பிரதிக்குப் போய்விடுவீர்கள்.

இரண்டு விஷயம் மனதில் இருக்கட்டும். பழைய பக்கத்தில் உள்ள தேடல் பெட்டிகள் வேலை செய்யாது. அல்டாவிஸ்டா என்ற பழைய தேடுபொறியின் முகப்பு அழகாகத் திறக்கும், ஆனால் தேட முடியாது. அப்புறம், ஒரே பக்கத்தில் எழுத்து ஒரு தேதியிலும் படம் வேறு தேதியிலும் சேமிக்கப்பட்டதாக இருக்கலாம்.

இரண்டாம் படி: பழைய யாகூவுக்குள் நுழையுங்கள்

யாகூவின் முகவரியைக் கொடுத்து 1996 அக்டோபர் பிரதியைத் திறங்கள். ஸ்டான்ஃபோர்டு மாணவர்களான ஜெர்ரி யாங்கும் டேவிட் ஃபிலோவும் 1994இல் தொடங்கிய பட்டியல் இது. ஆட்கள் உட்கார்ந்து பார்த்துப் பிரித்து வைத்தது. கலை, அறிவியல், பொழுதுபோக்கு, நாடுகள் என்று தலைப்புக்குள் தலைப்பாகப் போகும். பொழுதுபோக்கு, அறிவியல் இரண்டிலும் முதலில் இறங்குங்கள். விநோதங்கள் அங்கேதான் அதிகம். சில பெயர்களுக்குப் பக்கத்தில் குட்டியாக ஒரு கறுப்புக் கண்ணாடிப் படம் தெரிந்தால், பட்டியல் போட்டவர்களுக்கே பிடித்துப்போன தளம் என்று அர்த்தம். எல்லாக் கிளைகளும் சேமிக்கப்படவில்லை. ஓரிடத்தில் முட்டினால் ஆண்டை மாற்றிப் பாருங்கள்.

மூன்றாம் படி: ஜியோசிட்டீஸ் தெருக்களில் நடங்கள்

எனக்கு மிகவும் பிடித்த படி இதுதான், நேரத்தையும் இங்கேதான் தாராளமாகச் செலவழிக்கச் சொல்வேன். 1994இல் தொடங்கிய ஜியோசிட்டீஸ், யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பக்கம் போட இடம் கொடுத்தது. அந்த இடங்களைப் பேட்டை பேட்டையாகப் பிரித்திருந்தார்கள். அறிவியல் புனைகதைக்கு ஏரியா 51, சினிமாவுக்கு ஹாலிவுட், கணினிக்கு சிலிக்கான் வேலி, குடும்பப் பக்கங்களுக்கு ஹார்ட்லேண்ட், கல்விக்கும் தத்துவத்துக்கும் ஏதென்ஸ். முகவரியில் பேட்டையின் பெயரும் கடைசியில் நான்கு இலக்க வீட்டு எண்ணும் வரும்.

ஒரு பக்கம் கிடைத்தால் அந்த எண்ணை ஒன்று கூட்டியோ குறைத்தோ பாருங்கள். பக்கத்து வீட்டுக்குப் போவீர்கள். பூனைப் படங்கள் போட்ட வீட்டுக்கு அடுத்ததில் ஒருவர் வானொலி பழுதுபார்க்கும் குறிப்புகள் எழுதியிருக்கலாம். எல்லா எண்ணும் திறக்காது, சளைக்காமல் முயலுங்கள்.

முதல் பக்கமே கிடைக்கவில்லையா? ஜிஃப்சிட்டீஸ் என்ற தேடுபொறி உண்டு. இதுவும் இன்டர்நெட் ஆர்க்கைவ் 2016இல் உருவாக்கியது. ஒரு ஆங்கிலச் சொல்லைக் கொடுத்தால் ஜியோசிட்டீஸில் இருந்த அசையும் படங்களைக் கொட்டும். படத்தைக் கிளிக் செய்தால் அது இருந்த பக்கமே திறக்கும்.

உள்ளே போனதும் 'லிங்க்ஸ்' பக்கத்தைத் தேடுங்கள். அநேகமாக எல்லோரும் ஒன்று வைத்திருந்தார்கள். அதுதான் உங்களுக்கு வழிகாட்டி. பக்கத்தின் அடியில் 'முந்தையது, அடுத்தது' என்று வெப்ரிங் பட்டையும் இருக்கலாம். வெப்ரிங் என்பது ஒரே ஆர்வமுள்ள தளங்களை வளையம்போல ஒன்றோடொன்று கோத்த ஏற்பாடு. அந்தப் பொத்தான்கள் வேறொரு சர்வரை நம்பி இருந்ததால் இப்போது பெரும்பாலும் ஓடாது. வளையத்தின் பெயரைக் குறித்துக்கொண்டு மற்ற உறுப்பினர்களை அந்த வழியில் தேடலாம்.

நான்காம் படி: பழைய தமிழ்ப் பக்கங்களைப் படிக்கும்படி ஆக்குங்கள்

எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்து முறையான யுனிகோட் பரவுவதற்கு முன் ஒவ்வொரு தமிழ்த் தளமும் ஒவ்வொரு ஃபான்டில் ஓடியது. அதனால் இன்று திறந்தால் கிறுக்கலாகத் தெரியும். பயந்து மூடிவிடாதீர்கள். கிறுக்கலின் தோற்றமே துப்பு கொடுக்கும். சாதாரண ஆங்கில எழுத்துகளுக்கு இடையிடையே அரைப்புள்ளிகள் வந்தால் பாமினி என்ற ஃபான்ட் வகையாக இருக்கும், ஏனென்றால் அதில் அரைப்புள்ளிதான் மெய்யெழுத்தின் புள்ளி. ஈழத்து, புலம்பெயர் தமிழர் பக்கங்களில் இது அதிகம். கொம்பும் புள்ளியும் வைத்த ஐரோப்பிய எழுத்துகளாக வந்தால் டிஸ்கி, டேப், டேம் ஆகிய மூன்று பழைய எழுத்து முறைகளில் ஒன்றாக இருக்கலாம்.

ஒரு பத்தியை மட்டும் நகலெடுத்து, எழுத்துரு மாற்றி ஒன்றில் ஒட்டி, ஒவ்வொரு வகையாகத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். சரியானது சிக்கியதும் தமிழ் பளிச்சென்று வரும். பயிற்சிக்கு மதுரைத் திட்டத்தின் பழைய பிரதிகளை எடுத்துக்கொள்ளுங்கள். 1998 பொங்கலன்று தொடங்கி, தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து வளர்த்த மின்னூலகம் அது. அதே நூல்கள் இன்று யுனிகோடிலும் இருப்பதால், மாற்றியது சரியா என்று ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

ஐந்தாம் படி: கிடைத்ததைச் சேமியுங்கள்

இன்னும் உயிரோடிருக்கும் பழைய பாணிப் பக்கங்களுக்கு வைபி என்ற தேடுபொறி இருக்கிறது. அதில் 'ஆச்சரியப்படுத்து' என்ற பொருளில் ஒரு லிங்க் உண்டு, தட்டினால் ஏதோ ஒரு பக்கத்தில் கொண்டுபோய் விடும். உலகின் முதல் வலைத்தளத்தையும் செர்ன் ஆய்வகம் 2013இல் அதன் பழைய முகவரியிலேயே மீண்டும் வைத்திருக்கிறது.

இப்படி உயிரோடு ஒரு பக்கம் பிடித்திருந்தால் புக்மார்க் போட்டதோடு நிறுத்தாதீர்கள். ஜியோசிட்டீஸை யாகூ பெரும் விலை கொடுத்து 1999இல் வாங்கியது, 2009 அக்டோபர் 26 அன்று மூடியும்விட்டது. ஆர்க்கைவ் டீம் போன்ற ஆர்வலர்கள் அவசர அவசரமாக நகலெடுத்ததால்தான் மூன்றாம் படியில் நீங்கள் நடக்க இவ்வளவு இடம் இருக்கிறது. வேபேக் மெஷினின் முகப்பிலேயே பக்கத்தைச் சேமிக்கும் பெட்டி இருக்கிறது. முகவரியை அதில் ஒட்டிச் சேமியுங்கள், பிறகு பிரதியைத் திறந்து படங்கள் வந்திருக்கின்றனவா என்று பாருங்கள். இலவசக் கணக்கில் உள்நுழைந்திருந்தால் அந்தப் பக்கத்தில் உள்ள லிங்குகளையும் சேர்த்துச் சேமிக்கும் வசதி கிடைக்கும். 'லிங்க்ஸ்' பக்கமாக இருந்தால் அதைக் கட்டாயம் டிக் செய்யுங்கள்.