ரைஃபிளை விடுங்கள், தோட்டாவைப் பிடியுங்கள்: ஒரு விவாதத்துக்குத் தயாராவது எப்படி

‘காலாட்படைக்குப் புதிய ரைஃபிளும் புதிய தோட்டாவும் தேவைதானா?’ இப்படி ஒரு தலைப்பு கைக்கு வந்ததும் பெரும்பாலான அணிகள் யூடியூபில் துப்பாக்கி பார்க்க உட்கார்ந்துவிடுகின்றன. அங்கேயே பாதி தோல்வி. ராணுவம் மாற்றுவது பெயருக்குத்தான் ரைஃபிள். உண்மையில் மாறுவது தோட்டா. எடை, பின்னுதைப்பு, மேகசினில் (தோட்டாக்களை அடுக்கும் பெட்டி) எத்தனை அடங்கும், எந்தத் தொழிற்சாலை செய்து தரும் எல்லாமே அதற்குப் பின்னால்தான் வரிசைகட்டி வரும்.

முதலில் தலைப்பைக் குறுக்குங்கள். யாருடைய ராணுவம், எந்த எதிரி, எத்தனை மீட்டர்? இந்த மூன்றுக்கும் பதில் இல்லாத தலைப்பில் இரு தரப்பும் ஒரே நேரத்தில் சரியாகப் பேச முடியும், நடுவர்தான் பாவம். ‘அமெரிக்கத் தரைப்படை 6.8 மி.மீ. தோட்டாவுக்கு மாறியது சரியே’ என்பது நல்ல தலைப்பு, ஏனென்றால் அது நடந்துவிட்ட ஒன்று. ‘சிங்கப்பூர் ஆயுதப் படை 5.56 மி.மீ. தோட்டாவைக் கைவிட வேண்டும்’ என்றும் வைக்கலாம். ஆனால் அது கற்பனைக் கேள்வி என்பதை முதல் பேச்சாளரே சொல்லிவிட வேண்டும். இல்லாத திட்டத்தை இருப்பதுபோலப் பேசினால் எதிரணி ஒரே வரியில் கவிழ்த்துவிடும்.

அடுத்தது சொற்கள். தோட்டா வேறு, குண்டு வேறு. கூடு, மருந்து, அதைப் பற்றவைக்கும் பிரைமர், குண்டு நான்கும் சேர்ந்ததுதான் தோட்டா. குழலிலிருந்து பறப்பது குண்டு மட்டும். மேடையில் இவற்றைக் குழப்பினால் கணக்கே தப்பாகும். ஒரு தாளில் எழுதி அணி முழுவதற்கும் கொடுங்கள். பெயர்க் குழப்பம் இன்னொன்றும் உண்டு. 2022 ஏப்ரலில் அமெரிக்கா தேர்ந்தெடுத்த சிக் சாவர் நிறுவன ரைஃபிளுக்கு அப்போது எக்ஸ்எம்5 என்று பெயர். 2023 ஜனவரியில் எக்ஸ்எம்7 ஆனது. 2025 மே மாதம் எக்ஸ் உதிர்ந்து எம்7 ஆனது. பழைய கட்டுரையில் வரும் எக்ஸ்எம்5 வேறு துப்பாக்கி என்று நினைத்து இரண்டையும் ஒப்பிட்டுவிடாதீர்கள்.

இனி எண்கள். எம்7 சப்ரெஸ்ஸர் (சத்தத்தைக் குறைக்கும் குழாய்) இல்லாமல் சுமார் 3.8 கிலோ, சப்ரெஸ்ஸரோடு சுமார் 4.46 கிலோ. அது யாருடைய இடத்தைப் பிடிக்கிறதோ அந்தப் பழைய 5.56 ரைஃபிளான எம்4 காலியாகச் சுமார் 3 கிலோ. எதிர்த்துப் பேசுவோர் வழக்கமாகச் செய்யும் தவறு, சப்ரெஸ்ஸர் மாட்டிய எம்7-ஐ வெறும் எம்4-ஓடு ஒப்பிட்டு ‘ஒன்றரை கிலோ கூடிவிட்டது’ என்று முழங்குவது. இரண்டிலும் மாட்டுங்கள், அல்லது இரண்டிலும் கழற்றுங்கள்.

சிங்கப்பூருக்கு வந்தால் கதை இன்னும் மாறும். நம் ராணுவ ரைஃபிளான எஸ்ஏஆர் 21 காலியாகவே 3.82 கிலோ, அதில் 1.5 மடங்கு உருப்பெருக்கும் பார்வைக்கருவியும் அடக்கம். சப்ரெஸ்ஸரும் பார்வைக்கருவியும் இல்லாத எம்7-க்கும் அதற்கும் எடையில் வித்தியாசமே இல்லை. ஆகவே ‘நம் பையன்கள் இதைத் தூக்கிக்கொண்டு ஓட முடியுமா’ என்று உருகினால், அரங்கில் தேசிய சேவை (கட்டாய ராணுவச் சேவை) முடித்தவர்கள் சிரிப்பார்கள். ஏற்கெனவே தூக்கிக்கொண்டுதான் ஓடினார்கள்.

எடை வாதம் வெல்லும் இடம் தோட்டா. எம்4-க்குப் போர்ச்சுமை 30 தோட்டா மேகசின் 7, ஆக 210. எடை சுமார் 3.36 கிலோ. எம்7-க்கு 20 தோட்டா மேகசின் 7, ஆக 140. எடை சுமார் 4.45 கிலோ. எழுபது தோட்டா குறைந்தும் ஒரு கிலோவுக்கு மேல் கூடுகிறது. இதை எண்ணாகச் சொன்னால் காதில் ஏறாது. பயிற்சியின்போது இரண்டு பள்ளிப் பைகளில் அரிசியைப் போட்டு, ஒன்றில் 3.36, மற்றதில் 4.45 என்று சமையலறைத் தராசில் நிறுத்து, ஒட்டிப் பேசுபவரை இரண்டாவது பையோடு நான்கு மாடி ஏறி வரச் சொல்லுங்கள். அதன் பிறகு அவர் ‘சிறிதளவே எடை கூடுகிறது’ என்ற சொற்றொடரைத் தானாகவே விட்டுவிடுவார்.

ஏன் இவ்வளவு பெரிய தோட்டா? இங்கேதான் ஒட்டிப் பேசும் அணிக்குச் சரக்கு இருக்கிறது. 2017 மே மாதம் அமெரிக்கத் தரைப்படைத் தலைமைத் தளபதி மார்க் மில்லி, புதிய வகை உடற்கவசங்களை 5.56 குண்டு துளைக்காது என்று செனட் குழுவிடம் சொன்னார். குட்டையான குழலிலிருந்து கனமான குண்டை வேகமாக அனுப்ப வேண்டுமானால் அழுத்தம் ஏற வேண்டும். 6.8×51 தோட்டாவின் (குண்டு 6.8 மி.மீ., கூட்டின் நீளம் 51 மி.மீ.) உச்ச அழுத்தம் 80,000 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு), 5.56-க்கு அது சுமார் 62,000. அந்த அழுத்தத்தில் பித்தளை மட்டும் நின்றால் அடிப்பகுதி இளகி, பிரைமர் உட்காரும் குழி விரிந்துவிடும். அதனால்தான் கூட்டின் அடிப்பாகத்தைத் துருப்பிடிக்காத எஃகிலும் உடலைப் பித்தளையிலும் செய்து இணைத்திருக்கிறார்கள். இந்த ஒரு விவரத்தை நிதானமாக விளக்கத் தெரிந்த பேச்சாளர் அணிக்கு ஒருவர் போதும்.

வெட்டிப் பேசுவோர் அங்கேயே மூன்று கொக்கி போடலாம். ஒன்று, அழுத்தம் ஏறினால் குழல் சீக்கிரம் தேயும். இரண்டு, இரு உலோகக் கூட்டைச் செய்ய தனி இயந்திர வரிசை வேண்டும். மூன்று, கவசத்தைத் துளைப்பதை வேகம் மட்டும் தீர்மானிப்பதில்லை, குண்டின் உள்ளே இருக்கும் உலோகமும் தீர்மானிக்கிறது. உயர்தரப் பீங்கான் தகட்டுக்கு டங்ஸ்டன் போன்ற கடினமான மையம் வேண்டியிருக்கும்.

பின்னுதைப்புக்கு ஒரு பெருக்கல் போதும். 5.56 குண்டு 4 கிராம், எம்4 குழலிலிருந்து சுமார் 900 மீ/வி: எடையைக் கிலோவில் வைத்துப் பெருக்கினால் 3.6. 6.8 குண்டு (வணிக ரகம்) 8.75 கிராம், 914 மீ/வி: சுமார் 8. ஆனால் இந்த 914 என்பது 16 அங்குலக் குழலுக்கு உற்பத்தியாளர் சொல்வது. எம்7-இன் குழல் 13 அங்குலம்தான், வேகம் அதைவிடக் குறையும். இதை நீங்களே முதலில் ஒப்புக்கொண்டு ‘ஏறத்தாழ இரு மடங்கு’ என்று சொல்லுங்கள். எதிரணி கண்டுபிடித்துச் சொன்னால் மற்ற எண்களையும் நடுவர் சந்தேகிப்பார்.

இந்த விவாதத்தின் உச்சகட்டம் பார்வைக்கருவி. புதிய ரைஃபிளோடு வரும் எக்ஸ்எம்157 லேசரால் தூரம் அளந்து, குண்டு எவ்வளவு தாழும் என்று கணக்கிட்டுக் காட்டும். ‘140 தோட்டா போதும், ஏனென்றால் குறி தப்பாது’ என்பது ஒட்டிப் பேசுவோரின் வாதம். வெட்டிப் பேசுவோரின் சிறந்த பதில் ஒரே கேள்விதான்: அதை ஏன் எம்4-இலேயே மாட்டக் கூடாது? இதற்கு விடை தயாரிக்காமல் மேடையேறுவது தற்கொலை. கருவி குறியைத் திருத்தும், குண்டுக்குச் சக்தி கொடுக்காது என்பதே விடை. மேலும், 2024 நிதியாண்டுக்கான பென்டகன் சோதனை இயக்குநரின் அறிக்கையில் வீரர்களே அந்தக் கருவியின் பயன்பாட்டு எளிமைக்குக் குறைந்த மதிப்பெண் கொடுத்திருந்தார்கள். இரு தரப்பும் இதை மடியில் வைத்திருக்கட்டும்.

வரலாற்றிலிருந்து இரண்டு போதும், மூன்றாவது சலிப்பு. அமெரிக்காவின் எம்16 ரைஃபிள் வியட்நாமில் சிக்கிக்கொண்டதை எல்லோரும் இழுப்பார்கள். காரணம் சொல்லத் தெரிந்தால்தான் அது ஆயுதம்: தோட்டாவின் மருந்து வகையை மாற்றினார்கள், தோட்டா அறைக்குக் குரோம் பூசவில்லை, துடைக்கும் கருவிகளைப் போதுமான அளவு கொடுக்கவில்லை. இவற்றைச் சரிசெய்த பிறகு அதே ரைஃபிள் பல பத்தாண்டுகள் நின்றது. ஆகவே இது இரு பக்கமும் வெட்டும் கத்தி. ‘ஆரம்பக் கோளாறு தோல்விக்குச் சான்றல்ல’ என்று ஒட்டிப் பேசுவோரும் எடுத்துக்கொள்ளலாம். இன்னொன்று இந்தியா. 5.56 இன்சாஸ் ரைஃபிளை வைத்துக்கொண்டே 2019-இல் 72,400 சிக்716 ரைஃபிள்களை 7.62×51-இல் வாங்கியது, பிறகு ஏகே-203, அது 7.62×39. ஒரே காலாட்படையில் மூன்று வகைத் தோட்டா. விநியோகக் கிடங்கு எப்படித் தலையைச் சொறியும் என்று கேட்க இதைவிடப் பொருத்தமான உதாரணம் கிடைக்காது.

சிங்கப்பூர்த் தலைப்பை எடுத்தால் வெட்டிப் பேசுவோர் தேசிய சேவையிலிருந்து தொடங்கட்டும். நம் தோட்டாத் தொழில் 5.56 செய்வதற்காக 1967-இல் சார்ட்டர்ட் இண்டஸ்ட்ரீஸ் நிறுவனம் தொடங்கப்பட்டதிலிருந்து வருகிறது. இரண்டு ஆண்டு முழுநேரச் சேவை முடித்தவர் பிறகு பல ஆண்டுகள் பயிற்சிக்குத் திரும்ப வருகிறார். இன்று ரைஃபிளை மாற்றினால், பழையதில் கைபழகியவர்கள் அத்தனை பேரையும் மறுபடி சுடப் பழக்க வேண்டும். இல்லையேல் பத்தாண்டுக்கு மேல் இரண்டு வகைத் தோட்டாவைச் சுமக்க வேண்டும். காட்டிலும் அடுக்குமாடி நடைபாதையிலும் 500 மீட்டர் பார்வை எத்தனை இடத்தில் கிடைக்கும் என்ற கேள்வியும் அவர்களுடையது. ஒட்டிப் பேசுவோருக்கு ஒரு வழி உண்டு: அமெரிக்காவும் எல்லோருக்கும் கொடுக்கவில்லை, நேரடிச் சண்டைப் பிரிவுகளுக்கு மட்டுமே கொடுக்கிறது, மற்றவர்களிடம் எம்4 தொடர்கிறது. அதுபோல ‘சில பிரிவுகளுக்கு மட்டும்’ என்று தலைப்பை விளக்கிக்கொண்டால் மறுபயிற்சி வாதத்தின் பல் பாதி விழுந்துவிடும்.

முகாமில் கேட்டதையோ பார்த்ததையோ ஆதாரமாகச் சொல்லவே வேண்டாம். அதிகாரபூர்வ ரகசியச் சட்டம் விவாத மேடையைத் தனியாக விட்டுவைப்பதில்லை. காட்டிக் காட்டிப் பேசலாம் என்று யாராவது காலித் தோட்டாக்கூட்டைக் கொண்டுவர முன்வந்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். சுடுதளத்தை விட்டு அது வெளியே வந்திருக்கவே கூடாது. கட்டக்காகிதம் போதும். 5.56-இன் கூடு 45 மி.மீ. நீளம், 6.8-இன் கூடு 51. நீளத்தை மட்டும் வரைந்தால் ‘ஆறு மி.மீ.தானே’ என்று நடுவர் நினைப்பார். அடிப்பகுதியின் அகலத்தையும் வரையுங்கள், 9.6-ம் சுமார் 12-ம். பக்கத்தில் பக்கமாக முப்பது வட்டம் அடுக்கிப் பார்த்தால் மேகசின் ஏன் இருபதில் நின்றது என்பது காகிதத்திலேயே தெரியும்.