மிஸில்: சத்தமில்லாத மழைக்கு ஓர் ஆங்கிலச் சொல்

செங்கோட்டையில் ஆங்கில டியூஷன் எடுக்கிறேன். ஆனி பிறந்து ஆரியங்காவுப் பக்கமிருந்து காற்று வந்துவிட்டால் இங்கே சாரல்தான். பிள்ளைகள் கட்டுரையில் அதை ‘டிரிஸில்’ என்று எழுதுவார்கள். தப்பில்லை, ஆனால் அது தூறல். கொடியில் கிடக்கும் வேட்டியைத் தொட்டுப் பார்த்த பிறகே மழை என்று தெரிகிற, பனி போன்ற சாரலுக்கு ‘மிஸில்’ என்று தனிச்சொல் இருக்கிறது. இங்கிலாந்தில் டெவன், கார்ன்வால் பக்கம் இன்றும் பேச்சில் புழங்குகிறது.

எழுதும்போது இரண்டு இசட் போடுங்கள்: mizzle. பெயர்ச்சொல்லாகவும் வரும், வினையாகவும் வரும். வினையாக வைத்தால்தான் அழகு: ‘இட் வாஸ் மிஸ்லிங்’. ‘லைட்’ என்று முன்னால் சேர்க்காதீர்கள். அந்த மென்மை சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. மிஸ்ட்டும் டிரிஸிலும் சேர்ந்து பிறந்த சொல் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, டிரிஸில் எழுத்தில் வருவதற்கு முன்பே, 15ஆம் நூற்றாண்டிலேயே, மிஸில் இருந்தது.

இலக்கியத்தில் இதை எங்கே வைப்பது என்பதை ஆங்கிலக் கவிஞர் எட்மண்ட் ஸ்பென்சரிடம் கற்றுக்கொள்ளலாம். 1579இல் வந்த ‘ஷெப்பர்ட்ஸ் காலண்டர்’ நூலின் நவம்பர் பாடலில், காலின் என்ற இடையன் இறந்த பெண்ணுக்காக நெடுநேரம் புலம்பிப் பாடுகிறான். கேட்டிருந்த தோழன் கடைசியில், ‘போதும் எழுந்திரு, மிஸில் விழத் தொடங்கிவிட்டது, சீக்கிரம் வீட்டுக்குப் போவோம்’ என்கிறான். அங்கே பேய்மழை கொட்டியிருந்தால் துக்கத்தை மழையும் சேர்ந்து கத்தியதுபோல் ஆகியிருக்கும். மெல்லிய மழை என்பதால் அழுதவனைத் தோளில் தொட்டு எழுப்புவதுபோல் இருக்கிறது. எனக்கு இந்த இடம் அவ்வளவு பிடிக்கும்.

பழைய கொச்சையில் மிஸில் என்றால் நைசாக நழுவிப் போவது என்றும் பொருள். மழைப் பேச்சே இல்லாத பக்கத்தில் இந்தச் சொல் வந்தால் அதை நினைத்துக்கொள்ளுங்கள். நம் சாரலுக்கும் வேறு பொருள் உண்டே. குறுந்தொகையில் அது மலைச்சரிவு.

சரி, பயிற்சிக்கு ஒன்று. மழையைச் சொல்லாமல், நனைந்த பொருளை முதலில் எழுதுங்கள். போன ஆடியில் ஒரு மாணவி, புளியரை செக்போஸ்ட்டில் லாரியோடு காத்து நின்ற அப்பாவைப் பற்றி எழுதினாள். புருவத்தில் நீர்ப்பொடி, சட்டைப்பையில் நமத்துப்போன பீடி, துடைக்கத் துடைக்க மங்கும் கண்ணாடி. மிஸில் என்ற சொல் நாலாவது வாக்கியத்தில்தான் வந்தது, அதுவும் ஒரே ஒரு தடவை.