பழைய காருக்குப் புதிய சைலன்சர்: கடைக்குப் போகும் முன் காருக்கு அடியில் பாருங்கள்

காரைக் கிளப்பியதும் 'டர்ர்' என்று சத்தம் கேட்டால், சைலன்சர் போய்விட்டது என்று உடனே முடிவு கட்டிவிடுகிறோம். நானும் அப்படித்தான் பின்பக்கச் சைலன்சரை மாற்றினேன். சத்தம் அப்படியே இருந்தது. என்ஜினோடு முதல் குழாய் சேரும் இடத்தில் கேஸ்கெட் எரிந்து, ஓரத்தில் கரி படிந்திருந்ததை அதற்குப் பிறகுதான் கவனித்தேன். மாற்ற வேண்டியிருந்தது இணைப்பில் கசிவை அடைக்கும் அந்த மெல்லிய தகடு ஒன்று மட்டும்தான். உங்களுக்கு அந்த வீண் செலவு வேண்டாம் என்றுதான் இதை வரிசையாக எழுதுகிறேன்.

வேலையைத் தொடங்கும் முன் ஓர் எச்சரிக்கை. புகையில் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு இருக்கிறது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மூடிய இடத்தில் என்ஜினை ஓடவிடாதீர்கள். காரில் போகும்போது தலைவலியோ மயக்கமோ வந்தால், சரிசெய்யும் வரை அந்தக் காரை எடுக்கவே வேண்டாம்.

படி 1: எது எங்கே இருக்கிறது?

முன்னாலிருந்து பின்னால் பாருங்கள். என்ஜினை ஒட்டி, புகையை ஒன்றுசேர்க்கும் மேனிஃபோல்டு, அதிலிருந்து இறங்கும் முன்குழாய், பிறகு புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர், நடு சைலன்சர், பின் சைலன்சர், கடைசியில் புகை வெளியேறும் வால்குழாய். சில கார்களில் நடு சைலன்சர் இருக்காது. மிகப் பழைய கார்களில் கன்வெர்ட்டரும் இருக்காது. இவை அனைத்தையும் ரப்பர் வளையங்கள் காரின் அடிப்பாகத்தில் தொங்கவிட்டுப் பிடித்திருக்கும்.

படி 2: பழுது எங்கே என்று கண்டுபிடியுங்கள்

இரவு முழுவதும் நின்ற காரைக் காலையில் முதன்முதலாகக் கிளப்பும் நேரம்தான் இதற்கு ஏற்றது. முன்பக்கம் 'டிக் டிக்' என்று கேட்டு, என்ஜின் சூடேறச் சூடேற அது குறைந்தால், கசிவு பெரும்பாலும் மேனிஃபோல்டு பக்கம்தான். உலோகம் சூட்டில் விரிந்து இடைவெளியை அடைத்துக்கொள்வதால் சத்தம் அடங்குகிறது.

அடுத்து, ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள். திறந்த வெளியில் என்ஜின் மெதுவாக ஓடும்போது, அவர் கையுறை போட்டுக்கொண்டு, மடித்த கனமான துணியால் வால்குழாயின் வாயைச் சில நொடிகள் மட்டும் அழுத்தட்டும். நீங்கள் பக்கவாட்டில் குனிந்து கேளுங்கள். ஓட்டை இருக்கும் இடத்தில் 'உஸ்' என்ற ஓசை கூடும். என்ஜின் ஓடும்போது காருக்கு அடியில் போகாதீர்கள்.

மீதிச் சோதனை எல்லாம் கார் முழுவதும் ஆறிய பிறகு. சமதரையில் நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, காரைத் தாங்கு முக்காலிகளின் மேல் நிறுத்துங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுப்பது உயிரோடு விளையாடுவது. ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியால் குழாயையும் சைலன்சரையும் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல உலோகம் கணீரென்று ஒலிக்கும். இற்றுப்போனது 'பொத்' என்று அடங்கும். என் பழைய சைலன்சர் ஒன்று வெளியே பார்க்கப் புதிது போலவே இருந்தது. கழற்றிச் சாய்த்தபோது உள்ளிருந்து செந்நிறத் துருச் செதில்கள் இரண்டு கை நிறையக் கொட்டின.

படி 3: ஏன் துருப்பிடித்தது?

பலரும் தாண்டிப் போய்விடும் கேள்வி இது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. நீண்ட தூரம் ஓடும்போது அது ஆவியாக வெளியேறிவிடும். பத்து நிமிடம் ஓட்டி நிறுத்தும் காரில், கடைசிவரை சூடேறாத பின் சைலன்சரில் அது நீராகத் தேங்கி, புகையிலுள்ள அமிலத்தோடு சேர்ந்து உள்ளிருந்தே அரிக்கிறது. பின் சைலன்சர் முதலில் போவதற்கு இதுதான் காரணம். உப்புக்காற்று அடிக்கும் கடலோரமாகவோ, பனிக்காகச் சாலையில் உப்புத் தூவும் ஊராகவோ இருந்தால் வெளியிலிருந்தும் அரிப்பு தொடங்கும்.

படி 4: எந்த உலோகம்?

சாதாரண எஃகு மலிவு, சீக்கிரம் இற்றுவிடும். அலுமினியப் பூச்சு கொடுத்த எஃகு அதைவிட நன்றாக உழைக்கும்; ஆனால் வெல்டிங் செய்த இடங்களில் பூச்சு எரிந்துவிடுவதால் துரு அங்கேதான் தொடங்கும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் 409, 304 என்ற இரண்டு ரகங்களை அதிகம் பார்ப்பீர்கள். 409-இல் குரோமியம் சுமார் 11 சதவீதம். மேலே பழுப்பேறும், ஆனால் எளிதில் ஓட்டை விழாது. 304-இல் குரோமியம் சுமார் 18 சதவீதம், நிக்கல் சுமார் 8 சதவீதம். பளபளப்பும் நிற்கும், விலையும் கூடும்.

காந்தம் ஒட்டினால் ஸ்டெயின்லெஸ் அல்ல என்று சொல்வார்கள். அது தவறு. 409-இல் காந்தம் நன்றாகவே ஒட்டும். ஆகவே ரகத்தின் எண்ணைக் கேளுங்கள். வெளித்தோல் மட்டுமா, உள்ளிருக்கும் தகடுகளும் அதே ரகமா என்றும் கேளுங்கள்.

இரண்டு மூன்று ஆண்டுகளில் காரை விற்கப் போகிறீர்கள் என்றால் அலுமினியப் பூச்சே போதும். காரை விட மனமில்லை, ஓட்டமும் குறைந்த தூரம்தான் என்றால் ஸ்டெயின்லெஸ்தான் என் பரிந்துரை. வேறொருவர் பயன்படுத்திய பழைய சைலன்சரை மட்டும் வாங்காதீர்கள். உள்ளே எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதை யாராலும் பார்த்துச் சொல்ல முடியாது.

படி 5: அளந்து எழுதுங்கள்

மாடலும் ஆண்டும் சொன்னால் போதும் என்று நினைக்காதீர்கள். ஒரே மாடலில் என்ஜினுக்கு என்ஜின் குழாய் மாறும். ஆண்டின் நடுவிலேயேகூட வடிவமைப்பை மாற்றியிருப்பார்கள். சேஸிஸ் எண்ணையும், பழைய பாகத்தில் பொறித்த எண் தெரிந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

குழாயின் குறுக்களவை அளக்கக் காலிப்பர் இல்லையா? ஒரு நூலைக் குழாயைச் சுற்றி ஒரு சுற்றுச் சுற்றி, அதன் நீளத்தை 3.14-ஆல் வகுத்துவிடுங்கள். நூல் 157 மில்லிமீட்டர் என்றால் குழாயின் வெளி அளவு 50 மில்லிமீட்டர். ஒன்றுக்குள் ஒன்று நுழையும் குழாய்களில், ஒன்றின் உள் அளவும் மற்றதன் வெளி அளவும் பொருந்த வேண்டும். இணைப்புத் தகட்டில் எத்தனை போல்ட், துளைகளின் நடுவிலிருந்து நடுவுக்கு எவ்வளவு தூரம், ரப்பர் மாட்டும் கொக்கிகள் எங்கே என்பதையெல்லாம் படமும் எடுத்துக்கொள்ளுங்கள்.

பெரிய குழாய் போட்டால் காரின் வேகம் கூடும் என்று யாராவது ஆசை காட்டினால் மயங்காதீர்கள். வேறெதுவும் மாற்றாத என்ஜினில், புகை போகும் வேகம் குறைந்து, மெதுவாகப் போகும்போது இழுவை குறையலாம். ஒரே வேகத்தில் போகும்போது காதுக்குள் ரீங்காரமும் கேட்கலாம். முதலில் இருந்த அளவே போதும்.

படி 6: கன்வெர்ட்டரும் சென்சாரும்

கன்வெர்ட்டருக்குள் தேன்கூடு போன்ற கட்டியின் மேல் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூசியிருப்பார்கள். நச்சுப் புகையை மாற்றுவது அதுதான். அதைக் கழற்றிவிட்டு வெறும் குழாய் போடுவது பல நாடுகளில் குற்றம். ஆறிய பிறகு ரப்பர் சுத்தியால் லேசாகத் தட்டும்போது உள்ளே கலகலவென்றால் அது உடைந்துவிட்டது. ஆனால் உடைந்த காரணத்தைத் தீர்க்காமல் புதியதைப் போடாதீர்கள். ஸ்பார்க் பிளக் சரியாக வேலை செய்யாமல் எரியாத பெட்ரோல் உள்ளே போனாலும், என்ஜின் ஆயிலைக் குடித்தாலும், புதியதும் அதே வழியில் போகும்.

புகையிலுள்ள ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிஜன் சென்சாருக்கான துளை புதிய குழாயிலும் அதே இடத்தில், அதே மரையோடு இருக்க வேண்டும். சென்சாருக்கு முன்னால் சிறு கசிவு இருந்தாலும், புகைத் துடிப்புகளுக்கு இடையே வெளிக்காற்று உள்ளே இழுக்கப்படும். எரிபொருள் போதவில்லை என்று சென்சார் தவறாகச் சொல்ல, என்ஜினுக்குள் கூடுதல் பெட்ரோல் போய், செலவு ஏறும்.

படி 7: சில்லறைச் சாமான்களும் மாட்டும் முறையும்

கேஸ்கெட், கிளாம்ப், ரப்பர் வளையம், நட்டு, போல்ட் எல்லாவற்றையும் புதிதாகவே வாங்குங்கள். பழைய நட்டுகளுக்கு முந்தைய நாள் மாலையே துரு இளக்கும் எண்ணெய் விட்டுவையுங்கள். புதியது பொருந்தும் வரை பழையதைத் தூக்கி எறியாதீர்கள். பாகம் எங்கும் கிடைக்காவிட்டால், குழாய் வளைத்துக் கொடுப்பவருக்கு அதுதான் மாதிரி.

மாட்டும்போது எந்த போல்ட்டையும் உடனே முறுக்கிவிடாதீர்கள். எல்லாவற்றையும் தளர்வாகத் தொங்கவிட்டு, பிரேக் குழாய், பெட்ரோல் குழாய், பின் அச்சு ஆகியவற்றைத் தொடாமல் இடம் இருக்கிறதா என்று கையால் அசைத்துப் பாருங்கள். பிறகு முன்னாலிருந்து பின்னால் முறுக்கிக்கொண்டே வாருங்கள். முதல் ஓட்டத்தில் மேல்பூச்சு எரிந்து சிறிது புகையும் வாடையும் வரும். அது சீக்கிரமே நின்றுவிடும். சில நாள் ஓட்டியபின், கார் ஆறியிருக்கும்போது எல்லா நட்டுகளையும் இன்னொரு முறை இறுக்கிவிடுங்கள்.