கொழும்பில் லொஃப்ட் வீடு வாங்கும் முன்: திருத்த வேலைக்கான செலவு விலையாகத் திரும்பி வருமா?

லண்டன், டொரொன்டோ, சென்னை என்று எங்கிருந்து வந்திருந்தாலும், கொழும்பில் வீடு பார்க்கத் தொடங்கிய முதல் வாரத்திலேயே ‘முழுவதும் திருத்தியது’ என்ற சொல்லைப் பலமுறை கேட்பீர்கள். புதிய டைல்ஸ், மினுங்கும் பான்ட்ரி (சமையலறை) அலுமாரி, கூரையில் மறைவிளக்கு என்று ஒவ்வொன்றாகக் காட்டிவிட்டுத் தரகர் சொல்லும் விலையில் பல இலட்சம் கூடியிருக்கும். அந்தக் கூடுதல் தொகையைக் கொடுப்பதா, பழைய நிலையில் வாங்கி நாமே திருத்துவதா, நாளை விற்கும்போது அந்தச் செலவு கைக்கு வருமா? கொழும்பில் ஒரு லொஃப்ட் வீட்டின் மறுவிற்பனை விலையைத் தாங்கிப் பிடிப்பவை ஆவணங்களும் ஈரம் புகாத கட்டடமும்தான் என்பது என் உறுதியான கருத்து. அழகு வேலைகள் அவற்றுக்குப் பிறகே கணக்கில் வரும்.

இங்கே லொஃப்ட் என்று விற்கப்படுவது பெரும்பாலும் தொடர்மாடியின் உச்சியில் இரட்டை உயரக் கூடமும், அதன் ஒரு பக்கத்தில் பாதி உயரத்தில் அமைந்த இடைத்தளமும் கொண்ட வீடு. பழைய பண்டகசாலையை மாற்றியமைத்த வீட்டை மனதில் வைத்துக்கொண்டு தேடாதீர்கள்.

அந்த இடைத்தளத்தில்தான் பலரும் பணத்தை இழக்கிறார்கள். கூடத்தின் உயரம் வீணாகிறதே என்று நினைக்கும் உரிமையாளர், இரும்புப் பீம் பொருத்திப் பலகை விரித்து இன்னொரு படுக்கையறை எடுத்துவிடுகிறார். விற்கும்போது அந்தப் பரப்பையும் சேர்த்துச் சதுர அடிக்கு விலை சொல்கிறார். ஆனால் உறுதியில் (உரிமைப் பத்திரத்தில்) உள்ள பரப்பு, பதிவு செய்யப்பட்ட வரைபடத்தில் உள்ள பரப்பு மட்டுமே. வரைபடத்தில் 1,200 சதுர அடி இருக்க, விளம்பரத்தில் 1,500 என்று இருந்தால், மிச்சம் 300 சதுர அடிக்கு வங்கியின் மதிப்பீட்டாளரிடமிருந்து பெறுமதி கிடைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். உங்களிடமிருந்து நாளை வாங்க வருபவர் கடனை நம்பி வந்தால், விலை அந்த இடத்திலேயே சரிந்துவிடும். ஆகவே அனுமதியில்லாத இடைத்தளத்துக்கு ஒரு ரூபாயும் கூட்டிக் கொடுக்காதீர்கள். விற்பவர் எவ்வளவு அன்பாகப் பேசினாலும் வரைபடத்தின் பரப்புக்கே விலை பேசுங்கள்.

சட்ட நிலையையும் புரிந்துகொள்ள வேண்டும். தொடர்மாடி வீடுகளின் உரிமை, 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டத்தின் கீழும் அதற்கு 1982இலும் 2003இலும் வந்த திருத்தங்களின் கீழும் அமைகிறது. வெளிச்சுவர், தூண், கூரை, படிக்கட்டு, லிஃப்ட் எல்லாம் அந்தக் கட்டடத்தின் உரிமையாளர் அனைவருக்கும் பொதுவானவை. கூரையைத் துளைத்துக் கண்ணாடி வைப்பது, பால்கனியை மூடி அறையாக்குவது, சுமை தாங்கும் சுவரை எடுப்பது போன்றவற்றைத் தனியொருவர் விருப்பப்படி செய்ய முடியாது. உரிமையாளர்களின் முகாமைத்துவக் கூட்டுத்தாபனத்திடம் எழுத்தில் சம்மதம் வேண்டும். கட்டமைப்பைத் தொடும் வேலைக்கு மாநகர சபையின் அனுமதியும் வேண்டும். வீடு பார்க்கப் போகும்போதே அனுமதிக்கப்பட்ட வரைபடம், கட்டடம் அதன்படியே கட்டப்பட்டது என்ற இணக்கச் சான்றிதழ், திருத்த வேலைக்கான சம்மதக் கடிதம் மூன்றையும் கேளுங்கள். ‘இங்கே யாரும் அதையெல்லாம் பார்ப்பதில்லை’ என்று பதில் வந்தால் அங்கிருந்து கிளம்பிவிடுங்கள்.

அடுத்தது வானிலை. குளிர் நாட்டில் உயர்ந்த கூடமும் பெரிய கண்ணாடியும் விலையை ஏற்றலாம். கொழும்பில் அதே கண்ணாடி மேற்கு நோக்கி இருந்தால் பிற்பகல் முழுவதும் வீடு அனல் கக்கும். சூடான காற்று மேலே ஏறுவதால், கூரைத் தட்டுக்கு நேர் கீழே உள்ள இடைத்தளப் படுக்கையில் இரவிலும் படுக்க முடியாது. இரட்டை உயரத்தைக் குளிர்விக்க ஏசி நீண்ட நேரம் ஓட வேண்டும். மின்சாரக் கட்டணமோ பாவனை கூடக் கூட அலகுக்கான விலையும் ஏறும் முறையில் கணக்கிடப்படுகிறது. வாங்க வருபவர் அந்த வெப்பத்தைக் கதவைத் திறந்ததுமே உணர்வார். கூரைக்கு வெப்பத்தடுப்பு, மேற்குக் கண்ணாடிக்கு வெளிமறைப்பு, தாழ இறக்கித் தொங்கவிட்ட மின்விசிறி, கொசுவலை போட்ட ஜன்னல்கள் ஆகிய நான்கும் இத்தாலிய மார்பிளைவிட விலைக்கு உதவும். டெங்கு இருக்கும் ஊரில் கொசுவலையைச் சிறிய விஷயமாக எண்ண வேண்டாம்.

தென்மேற்குப் பருவமழை மே மாதத்தில் தொடங்கும்; ஒக்டோபர், நவம்பரில் மறுபடி கனமழை. முடிந்தால் மழை பெய்த மறுநாள் வீட்டைப் பாருங்கள். கூரையின் மூலைகள், ஜன்னலின் கீழ்ச்சுவர், அலுமாரியின் பின்புறம், குளியலறைக்கு வெளிப்பக்கச் சுவர் ஆகிய இடங்களில் கையை வைத்துப் பாருங்கள். மே மாதத்தில் ஒரு சுவருக்கு மட்டும் புதுப் பெயின்ட் அடித்திருந்தால் காரணம் கேளுங்கள். உச்சித் தளத்தில் நீர்க்கசிவைத் தடுக்காமல் உள்ளே செய்யும் எந்த அலங்காரமும் ஓட்டைப் பானையில் ஊற்றிய தண்ணீர்தான்.

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி கடற்கரையோரம் வாங்குபவர்களுக்கு உப்புக்காற்று இன்னொரு செலவு. ரயில் பாதைக்கு அப்பால் கடல் தெரியும் வீடு கண்ணுக்கு இனிமைதான். ஆனால் சாதாரண இரும்புக் கம்பி துருப்பிடித்து வீங்கிக் கொங்கிறீட்டை உடைத்துத் தள்ளும். ஏசியின் வெளிப்பெட்டி சீக்கிரம் அரித்துப்போகும். பவுடர் பூச்சுக் கொண்ட அலுமினியமும், கடலோரத்துக்கு ஏற்ற 316 தர ஸ்டெயின்லெஸ் ஸ்டீலும் விலை கூடியவை என்றாலும் அவற்றிலேயே செலவழியுங்கள். மரநாரை அழுத்திச் செய்யும் எம்டிஎஃப் பலகையாலான பான்ட்ரி ஈரத்தில் ஊதிவிடும். அதற்கென்று கூட்டிக் கொடுக்க வேண்டாம்.

இனி, உங்கள் வீட்டை நாளை யார் வாங்குவார்? வெள்ளவத்தையில் பெரும்பாலும் தமிழ்க் குடும்பம் ஒன்றுதான். சைவ மங்கையர் வித்தியாலயத்துக்குப் பெண்பிள்ளைகள் நடந்து போகலாமா, மூன்று படுக்கையறை உண்டா, தாளிக்கும் வாசனை கூடத்துக்கு வராதபடி மூடிய சமையலறை உண்டா, சாமியறைக்கு இடம் உண்டா, மூட்டுவலியுள்ள அம்மா படியேறாமல் தூங்கக் கீழேயே ஓர் அறை உண்டா என்றெல்லாம் அவர்கள் கேட்பார்கள். சுவர்களை இடித்து எல்லாவற்றையும் ஒரே கூடமாக்கிய வீட்டை இங்கே விற்பது கடினம். அதே திறந்த அமைப்பைக் கொள்ளுப்பிட்டியில், கொம்பனித்தெருவில் வாடகைக்குத் தேடும் வெளிநாட்டவர் விரும்பக்கூடும். ஆகவே எந்தப் பகுதி என்பதை முடிவு செய்யாமல் சுவரில் கை வைக்காதீர்கள். உலர் பொருட்களுக்கு ஒரு திறந்த பான்ட்ரி, சமைப்பதற்குப் பின்னால் மூடிய சமையலறை என்று இரண்டையும் வைத்தால் இரு தரப்பாருக்கும் பிடிக்கும்.

பொருள் விலை பற்றி ஒரு வார்த்தை. 2020இல் டைல்ஸ் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்தது. 2022இல் ரூபாய் வீழ்ந்தது. அக்காலத்தில் வாங்கிய பொருட்களின் பற்றுச்சீட்டைக் காட்டி ‘இவ்வளவு செலவழித்தேன்’ என்று விற்பவர் சொல்லலாம். அவருடைய செலவு வேறு, இன்றைய சந்தை விலை வேறு. அதே 2022இல் 13 மணி நேர மின்வெட்டை அனுபவித்த நகரம் இது என்பதால், லிஃப்ட்டுக்கும் தண்ணீர்ப் பம்புக்கும் ஜெனரேட்டர் இருக்கிறதா என்று வாங்குபவர்கள் கட்டாயம் கேட்பார்கள்.

நீங்கள் செய்யும் திருத்த வேலையின் பற்றுச்சீட்டுகளை, மேசன் பாஸுக்கு (கொத்தனாருக்கு) கொடுத்த கூலி உட்பட, ஒரு கோப்பில் வையுங்கள். விற்கும்போது கிடைக்கும் இலாபத்துக்கு மூலதன ஆதாய வரி உண்டு. 2018 ஏப்ரலில் 10 வீதமாக மீண்டும் கொண்டுவரப்பட்ட இந்த வரி, 2025 ஏப்ரல் முதல் தனியாட்களுக்கு 15 வீதம். வீட்டை மேம்படுத்தச் செய்த செலவை வாங்கிய விலையோடு சேர்த்துக் கழிக்கலாம். அதற்குச் சான்று வேண்டும். சொந்த வதிவிடமாக இருந்து, விற்பதற்கு முன் மூன்று ஆண்டுகள் உங்கள் உரிமையில் இருந்து, அதில் இரண்டு ஆண்டுகளாவது நீங்கள் குடியிருந்தால் விலக்குக் கிடைக்கும். வாங்கும்போது முத்திரைத் தீர்வையும் இருக்கிறது: முதல் ஓர் இலட்சம் ரூபாவுக்கு 3 வீதம், மிச்சத்துக்கு 4 வீதம்.

இலங்கைக் குடியுரிமை இல்லாதவர்கள் 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டத்தைச் சட்டத்தரணியோடு இருந்து பார்க்க வேண்டும். காணி வாங்கத் தடை உண்டு; தொடர்மாடி வீட்டுக்கு விலக்கு உண்டு. அந்த விலக்குக்கு உறுதி முடிப்பதற்கு முன்பே முழு விலையும் வெளிநாட்டிலிருந்து வங்கி வழியாக வந்திருக்க வேண்டும். இரட்டைக் குடியுரிமை பெற்றவர்களுக்கு இந்தத் தடை இல்லை.

முற்பணம் கொடுப்பதற்கு முன், முகாமைத்துவக் கூட்டுத்தாபனத்தின் அண்மைக் கூட்டக் குறிப்புகளையும், அந்த வீட்டுக்குப் பராமரிப்புக் கட்டண நிலுவை இல்லை என்ற கடிதத்தையும் கேட்டு வாங்குங்கள். கூரைக்கு நீர்க்காப்பு, புதிய லிஃப்ட், வெளிச்சுவர்ப் பெயின்ட் என்று பெரிய வேலை எதையாவது அந்தக் கூட்டத்தில் தீர்மானித்திருந்தால், அதில் உங்கள் பங்கு எவ்வளவு என்று கேட்டு, அதை விலையிலிருந்து குறைத்த பிறகு கையெழுத்திடுங்கள்.