வேலையின்மை விகிதம்: படிக்கும்போது நாம் செய்யும் தவறுகள்

"வேலையின்மை 3.2 சதவீதம்" என்று செய்தி வந்ததும், நூறு பேரில் மூன்று பேர்தான் வேலையில்லாமல் இருக்கிறார்கள் என்று நினைத்துவிடுகிறோம். அப்படியல்ல. வேலையில் இருப்பவர், வேலை வேண்டி நிற்பவர் ஆகிய இரு தரப்பையும் சேர்த்த கூட்டத்தில்தான் அந்தச் சதவீதம் எடுக்கப்படுகிறது. படிக்கிற பிள்ளையும் வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணும் கணக்கிலேயே வரமாட்டார்கள். அதனால் தொழிலாளர் பங்கேற்பு விகிதத்தையும், அதாவது மக்களில் எத்தனை சதவீதம் பேர் வேலையிலோ வேலை வேண்டியோ இருக்கிறார்கள் என்பதையும், சேர்த்தே பாருங்கள்.

அந்த 3.2 சதவீதம், இந்தியாவின் காலமுறை தொழிலாளர் கணக்கெடுப்பு 2023-24-இல் சொன்னது. அதே கணக்கெடுப்பு 4.9 சதவீதம் என்றும் சொல்கிறது. முதலாவது, கடந்த ஓராண்டில் வழக்கமாக என்ன செய்தீர்கள் என்று கேட்டு வந்தது. இரண்டாவது, கடந்த ஏழு நாட்களைப் பற்றிக் கேட்டு வந்தது. இரண்டும் சரிதான். ஒரு வருடத்து எண்ணை ஓராண்டுக் கணக்கிலிருந்தும் அடுத்த வருடத்து எண்ணை வாரக் கணக்கிலிருந்தும் எடுத்து, ஏறியது இறங்கியது என்று வாதிடுவதுதான் தவறு. 2025 ஜனவரியிலிருந்து மாதிரி எடுக்கும் முறையே, அதாவது எந்த வீடுகளைக் கேட்பது என்று தேர்ந்தெடுக்கும் விதமே மாறி, மாதந்தோறும் எண்கள் வருகின்றன. அவற்றைப் பழைய எண்களோடு அப்படியே கோத்துவிடக் கூடாது.

நாடுகளை ஒப்பிடும்போதுதான் பெரிய சறுக்கல். குடும்ப மளிகைக் கடையில் தினம் இரண்டு மணி நேரம் உட்காரும் மருமகளை எடுத்துக்கொள்வோம். சம்பளம் இல்லை. வாரத்துக்கு 14 மணி நேரம். இந்தியாவின் வாரக் கணக்கில், வாரத்தில் ஒரு மணி நேரம் வேலை செய்தாலே போதும். அவர் வேலையில் இருப்பவர். அமெரிக்காவில் சம்பளமில்லாத குடும்ப உழைப்புக்குக் குறைந்தது 15 மணி நேரம் வேண்டும். அங்கே அவர் வேலையில் இல்லை. அதே பெண், அதே கல்லாப்பெட்டி.

வேலை தேடுவதிலும் இதே கதை. அமெரிக்காவில் கடந்த நான்கு வாரங்களில் தேடியிருந்தால்தான் பொதுவாக வேலையற்றவர் பட்டியலில் இடம். இந்தியாவில் தேடாவிட்டாலும், "கிடைத்தால் செய்வேன்" என்றால் சேர்த்துக்கொள்வார்கள். தென்னாப்பிரிக்கா, தேடி அலுத்து விட்டவர்களையும் சேர்த்துத் தனியாக ஒரு விரிந்த விகிதத்தை வெளியிடுகிறது. எல்லா நாடுகளும் அப்படிச் செய்ய வேண்டும் என்பது என் கருத்து.

2013-இல் உலகத் தொழிலாளர் புள்ளியியல் மாநாடு இன்னொன்றையும் மாற்றியது. சொந்தச் சாப்பாட்டுக்கு மட்டும் பயிரிடுபவரின் உழைப்பு 'வேலை' என்றாலும், கூலிக்கோ லாபத்துக்கோ செய்யும் 'வேலைவாய்ப்பு' ஆகாது என்றது. இந்தியக் கணக்கு அவரை இன்னும் வேலையில் இருப்பவராகவே எண்ணுகிறது. புதிய வரையறைக்கு மாறிய நாட்டோடு இந்தியாவை ஒப்பிட்டு, இங்கே வேலையின்மை குறைவு என்று பெருமைப்படும் முன் இதைப் பாருங்கள்.

கடைசியாக, பதில் சொன்னது யார்? பெரும்பாலும் வீட்டில் இருக்கும் ஒருவரே எல்லோருக்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறார். "அவ வீட்ல சும்மாதான் இருக்கா" என்ற பதிலோடு கணக்கெடுப்பவர் நகர்ந்துவிட்டால், மாடு கறந்து பால் ஊற்றி வரும் பெண்ணின் உழைப்பு மொத்தமாக விடுபடும். "மாடு இருக்கிறதா? யார் பார்த்துக்கொள்கிறார்கள்?" என்று இன்னும் இரண்டு கேள்வி கேட்டால் அவரும் கணக்கில் வருவார்.