கம்பைலர் பாதியில் விழுந்தால் எல்லாவற்றையும் ஓ0-க்கு இறக்காதீர்கள்
ஓ3, அதாவது ப்ரோக்ராமை அதிக வேகமாக்கும் ஆப்ஷன், போட்டு கம்பைல் பண்ணும்போது ஜிசிசி என்ற சி, சி++ கம்பைலர் 'இன்டர்னல் கம்பைலர் எரர்' என்று நின்றுவிட்டால், உங்கள் கோட் எப்படி இருந்தாலும் அது கம்பைலரின் பிழைதான், அதற்காக மொத்த ப்ராஜெக்டையும் வேகப்படுத்தலே இல்லாத ஓ0-க்கு இறக்கி வேகத்தை இழக்க வேண்டாம். எந்த ஃபைல், எந்த வரி என்று பெரும்பாலும் அந்தச் செய்தியிலேயே இருக்கும். எதை எப்படி கம்பைல் பண்ண வேண்டும் என்று மேக் கருவிக்குச் சொல்லும் மேக்ஃபைலில், அந்த ஒரு ஆப்ஜெக்ட் ஃபைலுக்கு மட்டும், ஃப்ளாக் வரிசையின் கடைசியில் ஓ1 சேர்த்துப் பாருங்கள். ஓ ஆப்ஷன் பல இருந்தால் ஜிசிசி கடைசியில் வருவதைத்தான் எடுத்துக்கொள்ளும். 'கில்டு' என்று மட்டும் வந்தால் விஷயமே வேறு, பெரும்பாலும் மெமரி பற்றாக்குறை, மேக்கில் ஜே எண்ணை, அதாவது ஒரே நேரத்தில் ஓடும் வேலைகளின் எண்ணிக்கையை, குறையுங்கள். அப்புறம், ஜிசிசியின் புதிய பதிப்பிலும் அந்த எரர் வந்தால் தயவுசெய்து பக் ரிப்போர்ட் போடுங்கள். எஃப்ரிப்போர்ட்-பக் ஆப்ஷனோடு ஓட்டினால் அதற்கு வேண்டிய ஃபைலை ஜிசிசியே எழுதிக் கொடுக்கும்.