டிஜிட்டல் நூலகத்தில் நாங்கள் சொதப்பியவை

பயிற்சிக்கு வந்திருக்கும் தம்பி ஒரே நாளில் 40 நூல்களை டிஸ்பேஸ் என்ற டிஜிட்டல் நூலக மென்பொருளில் ஏற்றிவிட்டதாகச் சந்தோஷமாகச் சொன்னார். திறந்து பார்த்தேன். 15 வருடங்களுக்கு முன் நான் அடித்த அதே கூத்து. கோணல் ஸ்கேன், விட்டுப்போன பக்கம் எல்லாம் பார்த்தாலே தெரியும். அவற்றைச் சொல்லப் போவதில்லை.

ஆசிரியர் பெயரைக் கண்டபடி அடிப்பது

ஒரு நூலில் 'உ.வே. சாமிநாதையர்'. இன்னொன்றில் 'சாமிநாத ஐயர், உ. வே.'. மூன்றாவதில் மகாமகோபாத்தியாய பட்டத்தோடு. முகப்புப் பக்கத்தில் இருந்ததை அப்படியே அடித்தோம். மென்பொருளுக்குத் தமிழ்த் தாத்தாவைத் தெரியுமா? புள்ளிக்குப் பின் ஒரு இடைவெளி கூடினாலும் அதற்கு வேறு ஆள்தான். ஆசிரியர் வரிசையில் தாத்தா ஏழு பேராக நின்றார். ஆய்வு மாணவி ஒருவர் முதல் பெயரைச் சொடுக்கி, நான்கு நூல்களைப் பார்த்துவிட்டு, "இவ்வளவுதானா சார்?" என்று கிளம்பிவிட்டார். எங்களிடம் இருந்தவை 26.

ஔவையார் கதை இன்னும் மோசம். 'ஔ' ஒரே எழுத்து. பாதிப் பதிவுகளில் 'ஒ', 'ள' என்று இரண்டு எழுத்தாக, 'ஒளவையார்' என்று அடித்திருந்தோம். திரையில் வித்தியாசமே தெரியாது, தேடினால் கிடைக்காது.

மொத்தத் தரவையும் சிஎஸ்வி என்ற அட்டவணைக் கோப்பாக இறக்கி, வரிவரியாகத் திருத்தி, திரும்ப ஏற்ற ஒரு கோடை விடுமுறை முழுக்கப் போனது. அட்டைப் பட்டியல் காலத்தில், வேறு பெயரில் தேடி வருபவருக்காக 'காண்க' என்று ஓர் அட்டை செருகி வைப்போம். கம்ப்யூட்டர் வந்ததும் அந்தப் புத்தி எங்கே போனதோ! இன்றும் எரிச்சலாக வருகிறது. முதல் நூலை ஏற்றும் முன்பே ஆசிரியருக்கு ஒரு வடிவம் என்று பட்டியல் போட்டு, மற்ற வடிவங்களை அதன் பக்கத்தில் எழுதிவையுங்கள். தம்பியிடம் அதைத்தான் கொடுத்திருக்கிறேன். முகம் சுளித்தார். சரி, பரவாயில்லை.

'பழைய புத்தகம்தானே' என்று பொதுவில் போடுவது

நூல் வெளிவந்த ஆண்டை மட்டும் பார்க்காதீர்கள். ஆசிரியர் இறந்த ஆண்டைப் பாருங்கள். இந்தியச் சட்டப்படி அதற்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் காப்புரிமை உண்டு. 1950இல் வந்த நூலாக இருந்தாலும், எழுதியவர் 1990இல் காலமானார் என்றால் 2050 முடிய உரிமை வாரிசுகளுக்குத்தான்.

மூலப்படங்களை அழிப்பது

ஸ்கேன் செய்த அசல் படங்களான டிஃப் கோப்புகள் இடத்தை அடைக்கும்தான். அடைக்கட்டும்.

பேக்கப்

சர்வர் இருக்கும் அறையிலேயே வைக்காதீர்கள்.